ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வந்துட்டா உதவித்தொகை நிக்குமா?

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல கல்யாணமும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் பத்தித்தான். ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்காம இதையே பேசிடலாம். முதல் லெட்டர்க்கு பதில் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, அதுல தான் எல்லாருக்கும் வேண்டியது இருக்கு.

கேள்வி: அக்கா, எனக்கு காவேரிப்பட்டணம் பக்கம். சின்ன வயசுல போலியோ, ரெண்டு காலும் வராது, 80 சதவீதம்னு புக்குல போட்டிருக்கு. மாசம் 2000 வருது. பாலக்கோடு பக்கத்துல ஒருத்தரை பேசி முடிச்சிருக்காங்க, அவருக்கு ரெண்டு கண்ணும் தெரியாது, பஸ்ஸ்டாண்டுல கடலமிட்டாய் விக்கிறார், அவருக்கு 1500 வருது. எங்க அண்ணன் சொல்றாரு, ஒரே வீட்டுல ரெண்டு பேரு வாங்க முடியாது, கல்யாணம் ஆன மறுமாசமே ஒண்ணை வெட்டிடுவாங்க, ரெண்டும் போனாலும் போயிடும்னு. அம்மா புளி உடைக்கப் போய் தான் குடும்பம் ஓடுது. என் பணமும் நின்னுட்டா அவருக்கு நான் பாரமா போய்டுவேனோன்னு ராத்திரி தூக்கம் வரல. கல்யாணத்தை மறைச்சுட்டு ரேஷன் கார்டுல பேரை அப்படியே விட்டுடலாமான்னு கூட யோசிக்கிறேன்.

பதில்: தங்கச்சி, முதல்ல தூங்கு. கல்யாணம் ஆச்சுங்கிற ஒரே காரணத்துக்காக உன் பணத்தை நிறுத்த முடியாது, அவரோடதையும் நிறுத்த முடியாது. இந்த பணம் வீட்டுக்கு குடுக்குற பணம் இல்ல, ஆளுக்கு குடுக்குறது, உன் காலுக்காக உனக்கு, அவர் கண்ணுக்காக அவருக்கு. ரெண்டு பேரும் ஒரே கூரைக்கு கீழ வந்ததும் உனக்கு காலு வந்துடப் போறதில்ல, அவருக்கு பார்வை வந்துடப் போறதில்ல.

ஆனா உங்க ரெண்டு பேர் பணமும் ஒரே இடத்துல இருந்து வரல, அதை புரிஞ்சுக்கணும். உனக்கு வர்ற 2000 மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தர்ற பராமரிப்பு உதவித்தொகை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல தான் உன் பைல் இருக்கும். கை கால் பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல இருக்கிறவங்க, மனவளர்ச்சி குறைபாடு உள்ளவங்க, தசைச்சிதைவு நோய் உள்ளவங்க, தொழுநோயால பாதிக்கப்பட்டவங்க இவங்களுக்கெல்லாம் இந்த வழியில தான் வரும். அவருக்கு வர்ற 1500 வருவாய்த்துறை தர்ற ஓய்வூதியம், ஊர்ல நாம ஓஏபி பணம்னு சொல்றோமே அந்த வரிசையில வர்றது, 1000 ரூபாயா இருந்து 2023 ஜனவரில 1500 ஆச்சு. அதோட பைல் தாலுகா ஆபீஸ்ல, சமூக பாதுகாப்பு திட்டத்துக்குன்னு தனி தாசில்தார் ஒருத்தர் இருப்பாரு, அவர் கிட்ட இருக்கும். ஒரே ஆள் இந்த ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது, உங்க அண்ணன் அதைத்தான் எங்கயோ பாதி கேட்டுட்டு ஒரே வீட்டுல ரெண்டு பேர் வாங்கக் கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டிருப்பாருன்னு நினைக்கிறேன். ஒரே ஆளுக்கு ரெண்டு கூடாது, ரெண்டு ஆளுக்கு ஆளுக்கொண்ணு தாராளமா வரலாம்.

வருவாய்த்துறை ஓய்வூதியத்துல மட்டும் வருமானம், சொத்து இதெல்லாம் பாப்பாங்க. நாளைக்கு அவருக்கோ உனக்கோ அரசு வேலை கிடைச்சா அப்போ கேள்வி வரும், அது நியாயம். ஆனா மனைவிக்கு 2000 உதவித்தொகை வருதேன்னு அவரோட 1500ஐ யாராவது நிறுத்த பாத்தா, வாயால சொன்னதோட திரும்பி வராதீங்க, எந்த விதியில நிறுத்துறீங்கன்னு எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. எழுதிக் குடுன்னு கேட்டதுமே பாதி தடை தானா விலகிடுறதை நான் பல தடவை பாத்திருக்கேன்.

இப்போ மறைக்கிறதைப் பத்தி. அதை மட்டும் செய்யாதம்மா. நான் அனுபவிச்சவ, சொல்றேன். எனக்கும் போலியோ தான், ஒரு காலுக்கு காலிப்பர், கைல கட்டை. காரிமங்கலம் பக்கத்துல பொறந்து அரூர் பக்கம் வாக்கப்பட்டேன். நானும் இதே பயத்துல யார்கிட்டயும் சொல்லாம பேரு விலாசம் எல்லாம் அம்மா வீட்டுலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன், மாசா மாசம் பஸ் ஏறி போய் பணத்தை எடுத்துட்டு வருவேன். ஒரு நாள் விசாரணைக்கு ஆள் வந்திருக்காங்க, அந்த நேரம் பாத்து அம்மா களை எடுக்க போயிருந்தாங்க, பக்கத்து வீட்டுல அந்தப் பொண்ணு இங்க இல்லையேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க சொன்னது உண்மை தான், பொய் சொல்லல. ஆள் இல்லைன்னு எழுதிட்டு போயிட்டாங்க. ஏழு மாசம் பணம் வரல. கட்டையை ஊனிக்கிட்டு ரெண்டு மாடி ஏறி எறங்கி, இந்த ஆபீஸ்ல கேட்டா அந்த ஆபீஸ்ங்கிறாங்க, அங்க போனா நீங்க எந்த ஊருங்கிறாங்க. கடைசில எனக்கு கெடைச்சது அதே பணம் தான், புதுசா மனு போட்டு, புதுசா வரிசையில நின்னு. அந்த ஏழு மாசத்து பணம் இன்னைக்கு வரைக்கும் வரல. கல்யாணத்தால நிக்கல அது, கல்யாணத்தை மறைச்சதால நின்னுச்சு.

அதனால நீ செய்ய வேண்டியது என்னன்னா, கல்யாணம் முடிஞ்ச கையோட பதிவு பண்ணிடு. தமிழ்நாட்டுல 2009ல வந்த திருமண பதிவு சட்டப்படி எந்த மதமா இருந்தாலும் 90 நாளுக்குள்ள பதியணும், விட்டுட்டா கூடுதல் கட்டணத்தோட 150 நாள் வரைக்கும் பதியலாம். பதிவாளர் ஆபீஸ் மாடில இருந்தா கீழயே வந்து கையெழுத்து வாங்க சொல்லுங்க, உனக்கும் அவருக்கும் படி ஏற சொல்றது சரியில்ல. அந்த சர்டிபிகேட் கைக்கு வந்ததும் உன் ரேஷன் ஸ்மார்ட் கார்டுல பேரை நீக்கி, அவர் வீட்டு கார்டுல சேக்கிறீங்களா இல்ல தனி கார்டா போடுறீங்களான்னு முடிவு பண்ணுங்க. தனியா அடுப்பு வச்சு சமைக்கிறதா இருந்தா தனி கார்டு கேக்கலாம், அப்படி கேக்கும்போது மாற்றுத்திறனாளி தலைமையில இருக்கிற ஏழைக் குடும்பம், அந்தியோதயா கார்டு வேணும்னு மனுவுலயே எழுதுங்க. அந்தியோதயா கார்டுக்கு மாசம் 35 கிலோ அரிசி. கேட்டாத்தான் வரும், தானா போட்டுக் குடுத்ததா நான் கேள்விப்பட்டதில்ல.

அப்புறம் உனக்கு ஒரு கூடுதல் வேலை, மாவட்டம் மாறுது. 2004 பிப்ரவரி 9க்கு முன்னாடி கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துல தான் இருந்துச்சு, அப்போவா இருந்தா காவேரிப்பட்டணத்துல இருந்து பாலக்கோடு போறதுக்கு ஒரு பேப்பரும் மாத்த வேண்டியதில்ல. இப்போ ஒரு பஸ் தூரம் தான், ஆனா பைல் வேற மாவட்டத்துக்கு போகணும். கிருஷ்ணகிரி ஆபீஸ்ல, திருமணமாகி தர்மபுரி மாவட்டம் போறேன், என் பராமரிப்பு உதவித்தொகை பைலை அங்க மாத்திக் குடுங்கன்னு ஒரு மனு, கூடவே கல்யாண சர்டிபிகேட், அடையாள அட்டை புக்கு, யூடிஐடி கார்டு (மத்திய அரசோட மாற்றுத்திறனாளி அட்டை), ஆதார், பேங்க் புக்கு ஜெராக்ஸ். மனு குடுத்ததுக்கு ரசீது வாங்காம நகராதே. திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுத்தா நம்பர் போட்ட ரசீது கெடைக்கும், அதுக்காகவே நான் திங்கக்கிழமை தான் போவேன். பைல் அங்க போய் சேர்ந்துச்சான்னு ஒரு மாசத்துல தர்மபுரி ஆபீஸ்ல நீயே கேளு. வருஷத்துக்கு ஒரு தடவை வாழ்நாள் சான்று கேப்பாங்க, அதை இனிமே எங்க குடுக்கணும்னும் அப்போவே கேட்டு எழுதி வச்சுக்கோ.

இன்னொண்ணு, இது யாரும் சொல்ல மாட்டாங்க. கல்யாணம் ஆனதும் இனிஷியல் மாத்துன்னு வீட்டுல சொல்வாங்க. உடனே மாத்தாதே. சட்டம் உன்னை மாத்த சொல்லல. ஆதார்ல புருஷன் இனிஷியல், யூடிஐடில அப்பா இனிஷியல், பேங்க் புக்குல இனிஷியலே இல்லாம வெறும் பேரு, இப்படி மூணு இடத்துல மூணு மாதிரி இருந்து பணம் திரும்பிப் போன கதை எனக்கு தெரிஞ்சே அஞ்சாறு இருக்கு. விலாசம் மட்டும் மாத்து, பேரு அப்படியே இருக்கட்டும். அதே மாதிரி புகுந்த வீட்டு ஊர்ல புதுசா அக்கவுண்ட் ஆரம்பிச்சு அதுல ஆதாரை சேத்துட்டா, ஆதார் வழியா வர்ற பணம் கடைசியா எதுல சேத்தோமோ அங்க போகும், பழைய புக்கை வச்சுக்கிட்டு பணம் வரலையேன்னு அழுதுக்கிட்டு இருப்போம். அக்கவுண்ட் உன் பேர்ல மட்டும் இருக்கட்டும், ஏடிஎம் கார்டு உன் கைல இருக்கட்டும். அவர் நல்லவரா இருப்பாரு, நான் அவரை சொல்லல. மாசம் ஒரு தடவை உன் கையால எடுத்து உன் கையால செலவு பண்ற பணம் அது ஒண்ணு தான், அதுக்காக சொல்றேன்.

நீயும் அம்மா கூட உக்காந்து புளி உடைக்கிறவளா இருந்தா இன்னொரு விஷயம் இருக்கு. மிஷின் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள வந்து பணம் குடுக்கிறவர் கிட்ட உன் ரேகை விழாது. புளிப்பட்டு புளிப்பட்டு விரல் நுனியெல்லாம் செவந்து, வழுவழுன்னு ஆயிடும், கட்டைவிரலை அஞ்சு தடவை அமுக்கினாலும் மிஷின் ஏத்துக்காது. நான் தவந்து போற பொண்ணுங்க கையையும் பாத்திருக்கேன், உள்ளங்கையே காய்ச்சுப் போயிருக்கும், ரேகையை எங்க தேடுறது. ஆதார்ல கருவிழியும் பதிவாயிருக்கும், கருவிழி மிஷின் இருக்கான்னு கேளு, இல்லைன்னா பேங்க்குக்கே போய் ஸ்லிப் போட்டு எடு. புது ஊருக்கு போற முன்னாடி ஆதார் மையத்துல ரேகையை ஒரு தடவை புதுப்பிச்சுட்டு போறது நல்லது.

கல்யாண உதவி ஒண்ணும் உங்களுக்கு வரும், அதை விட்டுடாதீங்க. மாற்றுத்திறனாளியை மாற்றுத்திறனாளியே கல்யாணம் பண்ணிக்கிறதுக்குன்னு நலத்துறையில ஒரு திட்டம் இருக்கு, 25,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும். பட்டமோ டிப்ளமோவோ படிச்சிருந்தா 50,000மும் 8 கிராமும். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். பத்திரிக்கை, ரெண்டு பேருக்கும் இது முதல் கல்யாணம்னு சான்று, அடையாள அட்டை, படிப்பு சர்டிபிகேட் இருந்தா அதுவும். அரசாங்கமே கல்யாணம் பண்ணிக்கோன்னு தங்கம் குடுக்குது, அப்புறம் கல்யாணம் பண்ணதுக்கா மாச பணத்தை நிறுத்தும்? உங்க அண்ணன் கிட்ட இதை மட்டும் சொல்லிப் பாரு.

அண்ணனைப் பத்தி ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதே. உன் 2000 இத்தனை வருஷமா அந்த வீட்டு செலவுல சேர்ந்துட்டு இருந்திருக்கும். நீ போனா அது போகுது. அவருக்கு அது வெளிய சொல்ல முடியாத கவலையா இருக்கலாம், அது உன் பணம் நின்னுடும்கிற பேச்சா வெளிய வருது. அம்மாவுக்கு மாசம் கொஞ்சம் அனுப்பணும்னு உனக்கு தோணினா அனுப்பு, அதை வெளிப்படையா பேசி வச்சுட்டு போ. அதுக்காக கல்யாணத்தை தள்ளிப் போடாதே.

கேள்வி: மேடம், நான் ஓசூர்ல ஒரு கம்பெனில வேலை செய்றேன். எனக்கும் காது கேக்காது, பேச்சு வராது. கூட வேலை செய்ற பொண்ணுக்கும் அப்படித்தான். நாங்க ஒரே வீடு வாடகைக்கு எடுத்து இருக்கோம், இன்னும் கல்யாணம் பண்ணல, ரெண்டு வீட்டுலயும் ஒத்துக்கல. இதனால எங்க அடையாள அட்டை, பஸ் பாஸ் எதாவது கேன்சல் ஆகுமா?

பதில்: ஆகாது தம்பி. அடையாள அட்டை, யூடிஐடி, டவுன் பஸ்ல 2021ல இருந்து இருக்கிற இலவச பயணம் எல்லாமே உங்க காது சம்பந்தப்பட்டது, யார் கூட இருக்கீங்கன்னு அதுல ஒரு இடத்துலயும் கேக்கல. வயசு வந்த ரெண்டு பேரு சேர்ந்து இருக்கிறது இந்த நாட்டுல குத்தமும் இல்ல. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல, எங்க யார் கூட வாழணும்ங்கிறது நம்ம விருப்பம், ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டுல தான் இருக்கணும்னு நம்மளை கட்டாயப்படுத்தக் கூடாதுன்னே இருக்கு, அஞ்சாவது பிரிவு.

ஆனா கல்யாணம் பண்ணாம இருக்கிறதால நீங்க ரெண்டு விஷயத்தை இழக்குறீங்க. ஒண்ணு மேல சொன்ன கல்யாண உதவி. இன்னொண்ணு ஒரே ரேஷன் கார்டு. நாளைக்கு கம்பெனில உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிஎஃப் பணம், இன்சூரன்ஸ் யாருக்கு போகும்னு யோசிங்க. அந்தப் பொண்ணுக்கு குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்துல பாதுகாப்பு உண்டு, 2005ல வந்த அந்த சட்டம் கல்யாணம் மாதிரியான உறவையும் ஏத்துக்குது. ஆனா ஓய்வூதியம், வாரிசு இதுக்கெல்லாம் தாலியோ கையெழுத்தோ கேப்பாங்க. வீட்டுல ஒத்துக்கலைன்னா பூசாரியோ மண்டபமோ தேவையில்ல, ரெண்டு பேரும் இந்துவா இருந்தா நம்ம மாநிலத்துல 1967ல வந்த சட்டப்படி சுயமரியாதை கல்யாணம் செல்லும், நண்பர்கள் முன்னாடி மாலை மாத்திக்கிட்டா போதும். பதிவு ஆபீஸ்க்கு போகும்போது சைகை மொழி தெரிஞ்ச ஒருத்தரை கூட்டிட்டு போங்க, உங்க ரெண்டு பேர் சம்மதத்தை வேற யாரோ பேசி சொல்ற மாதிரி ஆயிடக் கூடாது.

கேள்வி: எங்க சொந்தக்காரப் பையன் அமெரிக்காவுல இருக்கான், அங்க ஊனமுற்றவங்க ரெண்டு பேரு கல்யாணம் பண்ணா அரசாங்கம் பணத்தைக் குறைக்குதுன்னு சொல்றான். அது உண்மையா? இங்கயும் அந்த மாதிரி கொண்டு வருவாங்களா? பர்கூர்ல இருந்து ஒரு அப்பா.

பதில்: அங்க அது உண்மை தாங்க ஐயா. எஸ்எஸ்ஐன்னு ஒண்ணு, வருமானம் இல்லாத மாற்றுத்திறனாளிகளுக்கும் வயசானவங்களுக்கும் 1974ல இருந்து குடுக்கிறாங்க. 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு அதிகபட்சம் மாசம் 967 டாலர். ரெண்டு பேர் தனித்தனியா வாங்கினா 1934 வரணும், ஆனா புருஷன் பொண்டாட்டின்னு ஆயிட்டா ரெண்டு பேருக்கும் சேத்தே 1450 தான். அதாவது கட்டிக்கிட்டதுக்கு மாசம் 484 டாலர் போச்சு. சேமிப்பும் அப்படித்தான், தனி ஆளுக்கு 2000 டாலர், தம்பதிக்கு 3000, அதுக்கு மேல பேங்க்ல இருந்தா உதவி கிடையாது, 1989ல இருந்து அந்த தொகையை ஏத்தவே இல்ல. கல்யாணம் பதியாம சேர்ந்து இருந்தாலும், அக்கம்பக்கத்துல புருஷன் பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டு வாழ்ந்தா தம்பதி கணக்குல தான் வைப்பாங்க. வேலை பாத்து வரி கட்டினவங்களுக்கு வர்ற எஸ்எஸ்டிஐன்னு வேற ஒண்ணு இருக்கு, அது கல்யாணத்தால குறையாது. உங்க பையன் எதை சொன்னான்னு கேட்டுக்கோங்க.

இங்க அந்த தம்பதி கணக்கு கிடையாது. நம்ம ஊர்ல பணம் கம்மி, அதுல எனக்கு தீராத வருத்தம் இருக்கு. மத்திய அரசோட ஓய்வூதிய திட்டத்துல 80 சதவீதத்துக்கு மேல பாதிப்பும் வறுமைக்கோட்டுக்கு கீழயும் இருந்தாத்தான் அவங்க பங்கு வரும், அதுவும் 80 வயசு ஆகாதவங்களுக்கு 300 ரூபாய், 2012ல போட்டது அப்படியே நிக்குது, மீதியெல்லாம் மாநில அரசு தான் போடுது. ஆனா ரெண்டு பேர் சேர்ந்து வாழ்ந்தா செலவு பாதியாகும், அதனால பணத்தையும் குறைக்கலாம்கிற கணக்கு நம்மகிட்ட வரல, வரவும் கூடாது. கண்ணு தெரியாதவரும் நடக்க முடியாதவரும் சேர்ந்து குடும்பம் நடத்தினா செலவு எங்க குறையுது? ஆஸ்பத்திரிக்கு போறதுன்னா ரெண்டு பேருக்கும் துணைக்கு ஆள் வேணும், ஆட்டோ வேணும். கரன்ட் பில்லு ஒண்ணா வரலாம், ஆட்டோ கூலி கூடத்தான் செய்யும்.

உரிமைச் சட்டத்துல 24வது பிரிவு ஒண்ணு இருக்கு, மத்தவங்களுக்கு ஒரு திட்டத்துல எவ்வளவு குடுக்கிறாங்களோ அதை விட கொறஞ்சது 25 சதவீதம் அதிகமா மாற்றுத்திறனாளிக்கு குடுக்கணும்னு. வயசானவங்களுக்கும் விதவைங்களுக்கும் 2023 ஆகஸ்டுல இருந்து 1200, நமக்கு 1500. 1200ஐ விட 25 சதவீதம் கூடன்னா சரியா 1500. சட்டம் சொன்ன கொறஞ்சபட்சத்துல ஒரு ரூபாய் கூட மேல இல்ல. பெரியவங்களுக்கு ஏத்தினா நமக்கும் அதே விகிதத்துல ஏத்தணும், அதை நாம கணக்கு போட்டு கேக்கணும்.

கேள்வி: எனக்கு 34 வயசு, பென்னாகரம் பக்கம். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆச்சு, விதவை பென்ஷன் வாங்குறேன். ஒரு கை மிஷின்ல போயிடுச்சு, 50 சதவீதம் புக்கு இருக்கு. இப்போ ஒருத்தர் ரெண்டாந்தாரமா கேட்டு வந்திருக்காரு, நல்ல மனுஷன், என் பொண்ணையும் பாத்துக்கிறேன்னு சொல்றாரு. பென்ஷன் என்ன ஆகும்?

பதில்: உங்களுக்கு மட்டும் தான் பதில் வேற மாதிரி. விதவை பென்ஷன் மறுமணம் ஆனா நின்னுடும், அது திட்டத்துலயே இருக்கிற விதி. அதை மறைச்சு வாங்கினா பின்னாடி திருப்பிக் கட்டுன்னு நோட்டீஸ் வரும், யாராவது ஒரு மனு போட்டா போதும், ஊர்ல அதுக்கு ஆள் பஞ்சமில்ல.

ஆனா நீங்க இத்தனை நாளா கம்மியான பணத்தை வாங்கிட்டு இருந்திருக்கீங்க தங்கச்சி. 40 சதவீதத்துக்கு மேல பாதிப்பு இருந்தா மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், அது 1500. வீட்டுக்காரர் போனதும் விஏஓ கிட்ட போயிருப்பீங்க, விதவைன்னு எழுதி அனுப்பிட்டாங்க, கையை யாரும் பாக்கல. இப்போ தாலுகா ஆபீஸ்ல அந்த தனி தாசில்தாருக்கு மனு போட்டு, விதவை பென்ஷனை ரத்து பண்ணிட்டு மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு மாத்திக் குடுங்கன்னு கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. அவருக்கு என்ன வேலை, எவ்வளவு வருமானம்னு எழுதல நீங்க, கல்யாணத்துக்கு அப்புறம் வருமானம் கேக்கும்போது அது கணக்குக்கு வரும், அதையும் மனசுல வச்சுக்கோங்க. மாற்றுத்திறனாளி கல்யாண உதவிக்கு முதல் கல்யாணம்னு சான்று கேப்பாங்க, அது உங்களுக்கு ஒத்து வராது, அதுக்கு பதிலா விதவை மறுமணத்துக்குன்னு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பேர்ல திட்டம் இருக்கு, சமூக நலத்துறை ஆபீஸ்ல கேளுங்க.

பொண்ணோட ஸ்கூல் பேப்பர்ல அப்பா பேரை மாத்த சொல்லி யாரும் அவசரப்படுத்தினா ஒத்துக்காதீங்க. அவங்க அப்பா பேரு அவங்களுக்கு இருக்கட்டும்.

கேள்வி: அப்பா தபால் ஆபீஸ்ல வேலை பாத்து இறந்துட்டார், அம்மாவும் இல்ல. எங்க தங்கச்சிக்கு பிறவியிலேயே ரெண்டு காலும் பாதிப்பு, சம்பாதிக்க முடியாது, அப்பாவோட குடும்ப பென்ஷன் அவளுக்கு வருது. கல்யாணம் பண்ணா அது நின்னுடும்னு மொரப்பூர்ல எல்லாரும் சொல்றாங்க.

பதில்: பொண்ணுக்கு கல்யாணம் ஆனா குடும்ப பென்ஷன் நிக்கும்கிறது மத்த பொண்ணுங்களுக்கு. மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு அப்படி இல்ல, மத்திய அரசு 2013 ஜனவரிலயே உத்தரவு போட்டுடுச்சு, கல்யாணத்துக்கு அப்புறமும் குடும்ப பென்ஷன் தொடரும்னு. தபால் துறை மத்திய அரசு, அதனால உங்களுக்கு அது பொருந்தும். அவளோட சொந்த வருமானம் அந்த குடும்ப பென்ஷன் தொகையை விட கம்மியா இருக்கணும், அவ்வளவு தான். பென்ஷன் குடுக்கிற பேங்க்ல ஒத்துக்கலைன்னா அப்பாவோட பிபிஓ நம்பரை, அதாவது பென்ஷன் உத்தரவு நம்பரை எழுதி தபால் துறை பென்ஷன் பிரிவுக்கே எழுதுங்க. மாநில அரசு ஊழியரோட பிள்ளைங்க இதை அப்படியே தனக்கும்னு எடுத்துக்காதீங்க, உங்க விதி தனி.

கேள்வி: நான் கல்யாணமாகி மூணு மாசம் ஆச்சு, நல்லம்பள்ளி. எனக்கு தசைச்சிதைவு, 2000 வருது. மாமியாருக்கு மகளிர் உரிமைத் தொகை 1000 வருது. என் பேரை அவங்க கார்டுல சேத்தா அவங்க பணம் நின்னுடும்னு சேக்க மாட்டேங்கிறாங்க. ரேஷனும் இல்லாம, விலாசமும் இல்லாம நடுவுல நிக்கிறேன்.

பதில்: அந்த திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்குற முகாமையே 2023 ஜூலைல நம்ம தொப்பூர்ல தான் தொடங்கி வச்சாங்க, அப்போ வரிசையில நின்னு பாரம் பூர்த்தி பண்ண உங்க மாமியாருக்கு அந்த பயம் இருக்கிறது எனக்கு புரியுது. ஆனா பராமரிப்பு உதவித்தொகை வாங்குற மாற்றுத்திறனாளி வீட்டுல இருக்கிறது உரிமைத் தொகைக்கு தடை இல்ல, அதுக்கு விதிவிலக்கு குடுத்திருக்காங்க. ஒரு கார்டுக்கு ஒரு பொண்ணுக்குத் தான் வரும், அது உங்க மாமியாருக்கே வரட்டும், நீங்க அதை கேக்கப் போறதில்லைன்னு முதல்ல அவங்க கிட்ட உக்காந்து சொல்லுங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ள, கரன்ட் 3600 யூனிட்டுக்குள்ளன்னு பாக்குற கணக்குல நீங்க வந்ததால பெருசா எதுவும் ஏறப்போறதில்ல.

அப்படியும் ஒத்துக்கலைன்னா தனி கார்டுக்கு போங்க. மூணு மாசம் ஆச்சுன்னு சொல்றீங்க, கல்யாணம் பதிஞ்சாச்சா? 90 நாள் முடிஞ்சிருந்தாலும் 150 நாள் வரைக்கும் இருக்கு, இந்த வாரமே போங்க. கல்யாண உதவிக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கு, ஆனா அதுவும் உங்களை மாதிரி தசைச்சிதைவு உள்ளவங்களுக்கு எந்த திட்டத்துல வரும்னு நல அலுவலகத்துல நேர்ல கேட்டுட்டு மனு போடுங்க. வெயில்ல தனியா போகாதீங்க, வீட்டுக்காரரை கூட்டிட்டு போங்க, டவுன் பஸ்ல உங்க கூட வர்ற துணைக்கும் டிக்கெட் கிடையாது.